நாற்பதில் நின்ற முள்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆன சமயம். விருத்தாசலத்தில் எங்கே பார்த்தாலும் டீசல் பிக்கப் வண்டிகளாக இருந்தன. ரயில்வே கேட்டில் நிற்கும்போது எண்ணிப் பார்ப்பேன். ஒரு கூட்ஸ் ரயில் கடந்து முடிவதற்குள் என் பக்கம் மட்டும் பதினொன்று சேர்ந்துவிடும். அவற்றில் ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, உண்மையில் அது என் மனைவியின் தம்பியுடையது. ஒன்பது கரும்புப் பருவம் பெண்ணாடம் ஆலைக்கு டிராக்டர் ஓட்டியவன். அந்த டிராக்டரை விற்றுத்தான் நான்கு வருடம் ஓடிய பழைய பிக்கப்பை வாங்கினான். வாங்கச் சொன்னவன் நான். டிராக்டரும் போய், இந்த வண்டியும் நின்றுவிட்டால் அவனுக்குப் பிழைப்பு கிடையாது. இதை நான் தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வேன்.

அப்போது நான் ஒரு இன்சுலேட்டர் கம்பெனியில் சூளைப் பகுதிக்கு சூப்பர்வைசர். ஓய்வு பெற இருபத்து மூன்று மாதம் இருந்தது. பியூஸ் கட்டைகள், கம்பத்து இன்சுலேட்டர்கள், ஜாடிகள் என்று ஊரில் சுட்டெடுக்கிற சரக்கை வைக்கோல் வைத்து அடுக்கி வெளியூர் கடைகளுக்குக் கொண்டுபோவது மச்சானுடைய வேலை. லோடு பிடித்துக் கொடுப்பதும், விடுமுறை நாளில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதும் என் வேலை. கயிறு இறுகியிருக்கிறதா, பெட்டி சரியாக இருக்கிறதா என்று வழி நெடுக இறங்கிப் பார்ப்பேன். "மாமா, நாம லோடு ஏத்திக்கிட்டுப் போறமா, லோடுக்கு சீர் செஞ்சிக்கிட்டுப் போறமா?" என்பான்.

வாங்கின ஐந்தாம் மாதம் மங்கலம்பேட்டை கடைத்தெருவுக்குச் சற்று முன்பு வண்டி புகைந்து நின்றது. தண்ணீர் ஒழுகிப் போயிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இன்ஜின் சூடானால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவே இல்லை. கழற்றிப் பார்த்தால் அந்தக் குட்டி பல்பு பியூஸ் போயிருந்தது. எப்போது போனது என்று யாருக்குத் தெரியும்? கேஸ்கட் வெந்து, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி வேலை பார்த்தார்கள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "இந்தத் தபா தப்பிச்சிது. இன்னொரு தபா இப்படி சூடேறுனா ஹெட்டு வெடிச்சிரும். அப்புறம் இன்ஜினயே மாத்தணும். பாத்துக்குங்க" என்றார்.

மச்சான் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். எங்கள் சூளை அறுபது மீட்டர் நீளம். அதில் பதினான்கு இடத்தில் வெப்பம் பார்க்கும் மீட்டர் உண்டு. அரை மணிக்கு ஒரு தடவை பதினான்கையும் நோட்டில் எழுதுவோம். எழுதாமல் விட்ட ஒரு ஷிப்டில் நானூறு இன்சுலேட்டர் வளைந்துபோனது எனக்குத் தெரியும். அப்படி இருபத்தெட்டு வருடம் எண்ணைப் பார்த்தே வேலை செய்தவன், ஒரு எண்கூட இல்லாத இன்ஜினுக்கு மேல் உட்கார்ந்து சேலம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தேன். வண்டிக்கு மீட்டர் மாட்டியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"எதுக்கு மாமா? இன்ஜின் சத்தம் எனக்குத் தெரியாதா? ஒம்போது வருசம் டிராக்டர்ல என்னா மீட்டரு இருந்துது?" என்றான் மச்சான்.

"மங்கலம்பேட்டையில சத்தம் ஏன் கேக்கல?"

அவன் வண்டியை எடுத்தான்.

கடலூர் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஏழு மீட்டர்களை எடுத்துக் கவுண்டரில் வரிசையாக வைத்தார். நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அவற்றில் இரண்டில் எண்ணே இல்லை. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு, நடுவில் ஒரு முள். கொஞ்சம் சூடு, ரொம்பச் சூடு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அவற்றைத் தள்ளி வைத்தேன்.

"சார், டெம்பரேச்சருக்கு இந்தக் குழாய் டைப்பு எடுத்துக்குங்க. ஒயரு கெடையாது, கரண்டு கெடையாது. குழாய்க்குள்ள இருக்கிற திரவம் சூடானா முள்ளு ஏறும். மக்கர் பண்ணாது" என்றார் கடைக்காரர்.

மெல்லிய செப்புக் குழாய், ஆறடி நீளம். வண்டி ஆட்டத்தில் எங்காவது மடிந்தால் போச்சு. சூளையில் எங்களுக்கு எல்லாமே மின்சாரத்தில் காட்டுகிற மீட்டர்தான். ஆகவே அந்த வகையே வேண்டும் என்றேன். நாற்பதிலிருந்து நூற்றிருபது டிகிரி வரை எண் போட்டது. இன்ஜின் தண்ணீரில் முங்கியிருக்கும் ஒரு பித்தளைக் குமிழ், அதுதான் சென்சார். அதிலிருந்து மீட்டருக்கு ஒரு ஒயர். அதோடு ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்று. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஆம்ப் மீட்டர் ஒன்று. நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் சாய்ந்தால் ஏறுகிறது, இடப்பக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. கறுப்பு முகம், வெள்ளை முகம் என்று இரண்டு இருந்தது. வெயிலில் தெரிய வேண்டுமே என்று வெள்ளையை எடுத்தேன்.

"கல்யாண வூட்ல மொய் வெக்கிற கடியாரம் மாதிரியே இருக்குது மாமா. மூணு கல்யாணத்துக்கு ஆவும்" என்றான் மச்சான்.

மாட்டுவதில் ஒரு சிக்கல் வந்தது. சென்சாரைத் திருக இன்ஜினில் கம்பெனி வைத்த ஓட்டை ஒன்றுதான். அதில் பழைய விளக்குக்கான சுவிட்ச் துருவேறி இறுகியிருந்தது. அதைத் திருகினால் ஹெட்டே விரிந்தாலும் விரியும் என்று மெக்கானிக் பயமுறுத்தினார். ரேடியேட்டருக்குப் போகிற மேல் ரப்பர் ஹோஸை நடுவில் வெட்டி, ஒரு சாண் நீளக் குழாயைச் செருகி, அந்தக் குழாயில் சென்சாரைத் திருகலாம் என்றார். லேத்தில் கடைந்து தருவார்களாம். இரும்பு துருப்பிடிக்கும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, பித்தளையையும் பச்சையாக்கிவிடும். துருப்பிடிக்காத, அரிக்காத பொருளை மலை மலையாகச் செய்கிற ஊரில் இருந்துகொண்டு லேத் பட்டறையில் போய் நிற்பதா?

மேனேஜரிடம் அனுமதி கேட்டு, பீங்கான் மண்ணில் நானே குழாய் செய்தேன். சுடும்போது மண் சுருங்கும். நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று கணக்கிட்டுப் பெரிதாகவே கடைந்தேன். சென்சாரைத் திருகுவதற்கான மரையையும் சுடுவதற்கு முன்பே அந்தக் கணக்குப்படி வெட்டினேன். மொத்தம் ஏழு குழாய். சூளை டிராலியின் ஒரு மூலையில் வைத்து அனுப்பினேன். வெளியே வந்ததில் நான்கு விரிசல் விட்டிருந்தது, இரண்டில் மரை சேரவில்லை. ஏழாவதில் சென்சார் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் இறுகியது. பழுப்பு நிறப் பளபளப்பு. செக்ஷனில் இருந்த எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடத்தில் நான் செய்த பொருளில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் நானும் மச்சானும் மட்டும் உட்கார்ந்து மாட்டினோம். அதற்கு முந்தின நாள்தான் ரேடியேட்டரைச் சோடா உப்புப் போட்டுக் கழுவியிருந்தோம். தகரப் பட்டை ஒன்றை வளைத்து மூன்று ஓட்டை போட்டு டேஷ்போர்டில் திருக வேண்டும். அந்த இடத்தில் கொளஞ்சியப்பர் படம் ஒட்டியிருந்தது.

"சாமிய எடுக்கக் கூடாது மாமா."

"ஒரு ஜாண் தள்ளி ஒட்டலாம்பா. எனக்கும் தெரியணும், உனக்கும் தெரியணும். இதுதான் நடு."

"அவரத் தள்ளி வெச்சிட்டு மீட்டர வெக்கிறீங்க. நாளைக்கு வண்டிக்கு ஏதாவது ஆச்சின்னா நேராப் போயி உங்க பேருல பிராது கட்டிருவேன்."

எங்கள் பக்கத்தில் களவு போனாலும், ஒருவர் ஏமாற்றினாலும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் மனு எழுதி வேலில் கட்டுவார்கள். அதுதான் பிராது. உள்ளேயிருந்து என் மனைவி, "கட்டுடா, கட்டு. நான் சாட்சிக்கு வரேன்" என்றாள்.

மீட்டர் பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளில் பதினாறு குறிப்பு இருந்தது. ஒவ்வொன்றையும் படித்து, செய்து, பென்சிலால் டிக் அடித்தேன். சென்சாரை இன்ஜினில் திருகு என்று இருந்ததை மட்டும் பீங்கான் குழாயில் திருகினேன். அது டிக் அடிக்கத் தடையாகத் தெரியவில்லை.

மதியம் ஒன்றே காலுக்கு வண்டியை ஸ்டார்ட் செய்தான். ஆயில் முள் துள்ளி ஏறி நான்கில் நின்றது. ஆம்ப் முள் வலப்பக்கம் சாய்ந்தது. டெம்பரேச்சர் முள் மெதுவாக எழுந்து நாற்பதைத் தொட்டது. கம்மாபுரம் வரை போய் வந்தோம். முள் நாற்பதிலேயே இருந்தது.

"ஏறவே மாட்டேங்குதே" என்றான் மச்சான்.

"ரேடியேட்டர் கழுவினது வேலை செய்யுது. இத்தனை நாளா அடைப்பு இருந்திருக்கு."

நான் சொன்னதை நானே நம்பினேன். அதற்குப் பிறகு வந்த ஏழு வாரமும் எனக்கு இன்றும் இனிப்பாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் வேப்பூர் தாண்டும்போது மூன்று வெள்ளை முகத்தின் மீதும் வெயில் விழும். நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை மூன்று எண்ணையும் எழுதுவேன். மச்சான் பழைய பாட்டை விசில் அடித்துக்கொண்டு, "இப்ப சூளை எப்படி இருக்குது மாமா?" என்பான். "நாற்பது" என்பேன். "பாஸ்" என்பான். என் வாழ்க்கையில் கவலைப்படாமல் வண்டியில் உட்கார்ந்து போன ஏழு வாரம் அதுதான்.

எட்டாவது வாரம் சேலத்துக்குப் பியூஸ் கட்டை லோடு. அறுபத்து நான்கு பெட்டி. குடோன் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள், பிறகு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆத்தூரைத் தாண்டும்போது பதினொன்று நாற்பது. சித்திரை வெயில். எங்கோ ஓரிடத்தில், முன்னால் ஒரு லாரி திணறிக்கொண்டு போகும்போது, மச்சான் மூக்கை உறிஞ்சினான்.

"மாமா, ரப்பர் கருகுற வாட அடிக்குது."

"முன்னாடி போற லாரி பிரேக் அது."

லாரியை முந்தினோம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "காலுக்குக் கீழ சூடு தெரியுது மாமா. நிறுத்திப் பாக்கட்டுமா?"

நான் முள்ளைப் பார்த்தேன். நாற்பது. "வெயில்ல தகரம் காயுது. மணி பாரு. நிறுத்தினா பானெட்டைத் தூக்கு, பார், மூடுன்னு கால் மணி போயிடும்."

இரண்டு கிலோமீட்டர் கல்லை எண்ணினேன். மூன்றாம் தடவை அவன் கேட்கவில்லை, சொன்னான்: "இழுவ கொறையுது மாமா. எனக்குச் சரியாப் படல."

"மீட்டர் நாற்பதுன்னு காட்டுதுப்பா. அது பொய் சொல்லாது. நீ ஓட்டு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அக்கா புருஷன் சொன்னால் எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. கிண்டல் செய்வான், பிறகு சொன்னதைச் செய்வான். அன்றைக்குக் கிண்டலும் செய்யவில்லை. ஓட்டினான். முதலில் அவன் வாடை என்று சொன்ன இடத்திலிருந்து ஐந்தாவது கல் வந்தபோது, என்னைக் கேட்காமலே வண்டியை ஒரு புளியமரத்தின் கீழ் ஒதுக்கி நிறுத்தி, சாவியைத் திருப்பினான். பானெட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி கிளம்பியது.

அவன் பானெட்டைத் தூக்கினான். விசிறி பெல்ட் அறுந்து இரண்டு துண்டாகத் தொங்கியது. அந்த பெல்ட் சுற்றினால்தான் தண்ணீர் பம்பும் சுற்றும். ஐந்து கிலோமீட்டரும் இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடவே இல்லை. ரோட்டோரக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை நீட்டினார். மச்சான் பதற்றத்தில் அதை வாங்கி அப்படியே இன்ஜின் மேல் சாய்க்கப் போனான். அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம். சூட்டுல பச்சைத் தண்ணி பட்டா விரிஞ்சிடும். தானா ஆறட்டும்."

"இப்பயும் உங்க பேச்சத்தான் கேக்கணுமா?" என்றான். குரல் உயரவில்லை. ஆனால் குடத்தைக் கீழே வைத்தான். சூளைக்காரனாக அன்றைக்கு நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

பெல்ட் வாங்கவும் மெக்கானிக்கை அழைத்து வரவும் அவன் பஸ் ஏறி வாழப்பாடிக்குப் போனான். நான் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினேன். வெளியே ரேடியேட்டர் கொதிக்கிற சத்தம் இன்னும் கேட்டது. முள் நாற்பதில் நின்றது. பக்கத்தில் கிடந்த நோட்டைத் திறந்தேன். ஆத்தூரில் எழுதினேன், அதற்குப் பிறகு மற்ற இரண்டு மீட்டரையும் நான் பார்க்கவே இல்லை. பெல்ட் அறுந்ததுமே ஆம்ப் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஐந்து கிலோமீட்டர் என் கண்ணெதிரே அது சாய்ந்தபடியே வந்திருக்கிறது. ஒரு மீட்டர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குப் பிடித்த எண்ணைச் சொன்ன மீட்டரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாழப்பாடி மெக்கானிக் நடுத்தர வயதுக்காரர். பெல்ட்டை மாட்டிவிட்டு, மீட்டர் காட்டவில்லை என்று நான் சொன்னதும் ஹோஸுக்கு நடுவில் இருந்த குழாயை விரலால் தட்டினார். கிண்ணென்றது.

"இது என்னங்க, பீங்கானா?"

"ஆமா."

அவர் ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒரு முனையைச் சென்சாரின் பித்தளை உடம்பிலும் மறு முனையை இன்ஜினிலும் அழுத்திப் பிடித்தார். "இப்ப பாருங்க." இவ்வளவு நேரம் ஆறின பிறகும் உள்ளே முள் எழுந்து எழுபத்தெட்டில் போய் நின்றது. கையை எடுத்தார். நாற்பதுக்கு விழுந்தது.

"சென்சாருக்கு எர்த் இன்ஜின் வழியா வரணும், கரண்டு திரும்பிப் போற வழி அதான். நீங்க நடுவுல பீங்கானப் போட்டுட்டீங்க. தண்ணி வழியாக் கொஞ்சூண்டு கெடைக்குது, அதுல நாப்பது வரைக்கும் தூக்குது. எவ்வளவு கொதிச்சாலும் அவ்வளவுதான். யாருங்க இத மாட்டுனது?"

"நான்தான்."

"என்ன வேலைங்க பாக்குறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கரண்டு போவாம தடுக்கிற சாமான் செய்யிறாரு. இன்சுலேட்டரு. முப்பது வருசமா."

மெக்கானிக் முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மச்சானும் சிரித்தான். நானும் சிரிக்க முயன்றேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு மெக்கானிக் ஆறின தண்ணீரை ஊற்றி வண்டியைக் கிளப்பிக் காதை வைத்துக் கேட்டார். "ஹெட்டு தப்பிச்சிது" என்றார். "இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா எங்கிட்ட வர வேண்டியதில்ல, பழைய இரும்புக் கடைக்குப் போவலாம்." மச்சான் பம்பரில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். வியர்வையைத் துடைக்கிறான் என்று நினைத்தேன். துடைத்து முடிக்க வெகு நேரமானது.

நாலு மணிக்குத்தான் குடோனில் இறக்கினோம். அறுபத்து நான்கும் சரியாக இருந்தது. திரும்பும் வழியில் அவன் விசில் அடிக்கவில்லை. வேப்பூர் நெருங்கும்போது சொன்னான்: "மீட்டரு இருக்கட்டும் மாமா. எர்த்து குடுத்தா சரியாக் காட்டும்ல, இருக்கட்டும். ஆனா முள்ளு என்னா சொன்னாலும் சரி, நான் நிறுத்துனா நிறுத்துனதுதான். ஏன்னு கேக்கக் கூடாது."

"சரி."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி எழுந்து வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "என் தம்பி வண்டியக் கொளுத்தப் பாத்தீங்கன்னு நீங்களே எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துதான் நல்லா இருக்கும். காலையில போயி கட்டிட்டு வரேன்." மச்சான் அந்தத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "வேணாங்க்கா. வண்டிதான் வந்துடுச்சே" என்றான்.

எர்த் ஒயர் கொடுத்த பிறகு முள் ஒழுங்காக எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் நின்றது. அதற்கடுத்த சேலம் லோடு அன்று சின்னசேலத்துக்கு முன்பு, ரோடு சமமாக, காலை வெயில்கூட ஏறாத நேரத்தில், மச்சான் திடீரென்று வண்டியை ஓரம் கட்டினான். நான் மூன்று மீட்டரையும் பார்த்தேன். எண்பத்திரண்டு. ஆயில் நான்கு. ஆம்ப் வலப்பக்கம். எதிலும் குறையில்லை. சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கதவைத் திறந்து இறங்கினேன். அவன் பானெட்டைத் தூக்கி பெல்ட்டை விரலால் அமுக்கினான், ஹோஸைத் தொட்டான், குனிந்து அடியில் பார்த்தான், மூடினான்.

"ஒண்ணுமில்ல மாமா. ஏறுங்க."

அந்த வண்டியை அவன் மேலும் ஏழு வருடம் ஓட்டினான். ஒவ்வொரு லோடிலும் எங்காவது ஒரு இடத்தில் இப்படி நிறுத்துவான். அதற்கு முன்பு டிராக்டரிலோ வண்டியிலோ அவனுக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நான் கீழே இறங்கி, அவன் பார்த்து முடிக்கிறவரை ரோட்டோரம் நின்றுகொண்டிருப்பேன்.